புஷ்ஷுல இன்ஜின் ஆயில் ஊத்தாதீங்க

"முன் சஸ்பென்ஷன்ல கீச்சுன்னு கேட்டா புஷ்ஷுல இன்ஜின் ஆயில் ஊத்துங்க, சரியாயிரும்"னு மேல ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தயவுசெஞ்சு செய்யாதீங்க. புஷ்ங்கிறது கார் சஸ்பென்ஷன் இணைப்புகள்ல அதிர்வைத் தாங்குற ரப்பர் துண்டு. ரப்பர் அந்த எண்ணெயில ஊறி, உப்பி, வலுவிழந்துரும். கொஞ்ச நாள் சத்தம் இருக்காது, அப்புறம் புஷ்ஷே போயிரும்.

அழகர்கோவில் ரோட்டு வேகத்தடையில என் வண்டியும் இப்படித்தான் கத்துச்சு. ஒவ்வொரு புஷ்ஷுலயும் வெறும் தண்ணி தெளிச்சு, பானெட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். ஸ்டெபிலைசர் பார் (வளைவுல வண்டி ரொம்ப சாயாம பிடிக்கிற கம்பி) புஷ் நனைஞ்சதும் சத்தம் நின்னுச்சு, காஞ்சதும் திரும்ப வந்துச்சு. அதை மட்டும் மாத்துனோம், தீர்ந்துச்சு.

நின்ன வண்டியில ஸ்டியரிங் திருப்பினாலே முனகுதுன்னா முன் ஷாக் அப்சார்பர் மேல்முனையில அது திரும்ப உதவுற ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைப் பாருங்க. சக்கரத்தை சஸ்பென்ஷனோட சேர்க்குற உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்ல ஆட்டம் தெரிஞ்சா ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க, அது கழண்டா சக்கரமே மடங்கிரும். ரப்பருக்கு ஏதாவது தடவியே ஆகணும்னா சிலிக்கான் கிரீஸ் தடவுங்க.