கருத்தாளர் கிளம்பிய பிறகு?

தமிழ்நாடு அரசின் நடமாடும் அறிவியல் சோதனைத் திட்டமான வானவில் மன்றத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் மறுப்பில்லை. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய இத்திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை நேரே கொண்டுவருகிறது. செம்பருத்திச் சாறு எலுமிச்சை பட்டுச் சிவந்து, சோப்புத் தண்ணீரில் பச்சையானபோது எங்கள் கடைசி பெஞ்சுப் பையன்கள் முண்டியடித்து முன்னால் வந்துவிட்டார்கள் (வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காதவர்கள்!). ஆனால் சோதனை செய்துகாட்ட வரும் கருத்தாளர் கிளம்பியதும் பழையபடி கரும்பலகைதான். ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் நாள் முழுக்கத் திரையில் படம் காட்டுகிறார்கள். ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. வசதியான பள்ளிப் பிள்ளைக்கு ஆய்வகம் தினமும் திறந்திருக்கிறது, எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் எப்போதாவது? அடுத்த பயிற்சியில் எங்களையே சோதனை செய்யவிடுங்கள். கையேடு வேண்டாம், அலமாரி நிறையக் கிடக்கிறது.