இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது

நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில், அதாவது கடைத்தெருவில், தாத்தா காலத்து மாடிக்கடை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சரிசெய்யலாம் என்று இறங்கினால், ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர்ப் பத்திரம் முழுக்க மலையாளம். பங்காளிகளில் ஒருவர் துபாயில், இன்னொருவரோடு பேச்சே கிடையாது.

இதில் கொத்தனார் வேறு சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். ரெண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் இது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, செங்கல் கைவிரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்தவர் கேட்கிற கூலிக்குப் புதுக் கட்டடமே எழுப்பலாம்!

போகிறவர் வருகிறவரெல்லாம், “பழைய கட்டடம், இடிச்சிராதீங்க” என்று அக்கறையாகச் சொல்கிறார்கள். சரி, நாலு ஓடாவது வாங்கித் தாருங்களேன்.