நான் முதலில் பார்த்ததுதான் எனக்கு ஒரிஜினல்

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். என் சினிமாப் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை யார் எடுத்தார்கள், எந்தக் குரூப்பில் போட்டார்கள் என்பதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் நேற்று ராத்திரி எங்கள் பினாங்கு (மலேசியா) ஃபேக்டரி கேன்டீனில் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, உங்களை அந்தக் குரூப்பில் வச்சு செஞ்சிட்டாங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வாயில் வைத்த மீ கோரேங் உள்ளே இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் எழுதியது மொத்தம் ஆறு வரி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கம் பிடிக்காமல், போனில் ஒரு படம் பார்த்துவிட்டு எழுதியது. வழக்கமாக நான் எழுதுகிற மாதிரிதான். மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' இப்போதுதான் பார்த்தேன், ஷோபனா அபாரம், ஆனால் எனக்குப் பயமாக இல்லை, அதன் தமிழ் ரீமேக் 'சந்திரமுகி'தான் பயமாக இருந்தது. குற்றம் இவ்வளவுதான்.

அதற்கு வந்த தீர்ப்பு: "ஒரிஜினலை முப்பது வருஷம் கழிச்சுப் பார்த்துட்டு ரீமேக்தான் நல்லா இருக்குன்னு சொல்ற ஃபேக்டரி ஆண்டி எல்லாம் விமர்சகர் ஆயிட்டாங்க." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் இரண்டு முகம் எனக்குத் தெரிந்த முகம். தீபாவளிக்கு என் வீட்டில் முறுக்கு தின்ற முகம்.

தம்பி, முதலில் ஒன்று. "நல்லா இருக்கு" என்று நான் எழுதவே இல்லை. "பயமாக இருந்தது" என்றுதான் எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் எனக்குச் சினிமா சொல்லிக்கொடுக்க வருகிறார்.

2005ஆம் வருஷம். 'சந்திரமுகி' வந்த இரண்டாவது வாரம். ஜார்ஜ்டவுனில், கூட்டம் தாங்காமல், மகனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ராத்திரி இரண்டு மணிக்கு ஈப்போ மலைப் பாதையில் தனியாக வண்டியை நிறுத்தித் தூங்குகிற ஆள். ஜோதிகா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கி, திரும்பி, தெலுங்கில் பேச ஆரம்பித்தாரே, அந்த இடத்தில் மகனுடைய பால் துடைக்கும் துண்டை எடுத்து இவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்து, "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. ஆனாலும், "முடிஞ்சிருச்சு, பாருங்க" என்று பொய் சொன்னேன்.

அப்போது எனக்கு 'மணிச்சித்திரத்தாழ்' என்று ஒரு படம் இருப்பதே தெரியாது. 1993இல் ஃபாசில் எடுத்தது, மது முட்டம் எழுதியது, ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது, எல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரியாமல் பயந்தது செல்லாதா? அந்தப் பயத்தை மூலத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டுமா?

நான் முதலில் பார்த்ததுதான் எனக்கு ஒரிஜினல். இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் மலையாளப் படத்தைப் பார்த்துப் பயப்படவில்லை? இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, சிரிப்பு முகம் போடத்தான் நேரம் இருந்தது.

அந்தப் படத்தில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. தமிழ் பேசுகிறவள். கேரளத்துப் பழைய வீடு ஒன்றில், வீட்டு மருமகள் திடீரென்று தமிழில் பேசினால் மலையாளிகளுக்குத் தூக்கிவாரிப் போடும். எனக்கு எப்படிப் போடும்? அது என் பாஷை ஐயா! டப்பிங் கலைஞர் துர்காவின் குரலில் அந்தத் தமிழைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஊர் விட்டு ஊர் கொண்டுவரப்பட்ட பெண், தன் பாஷையில் கத்துகிறாள், சுற்றி நிற்கிறவர்கள் பேயைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். நான் அவள் பக்கம் போய்விட்டேன். அப்புறம் எங்கே பயப்படுவது?

'சந்திரமுகி' எடுத்த பி. வாசுவுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தபோது அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார். அடுத்த வருஷம் தமிழில் எடுத்தபோதும் தெலுங்குதான், 'ரா ரா' பாட்டு உட்பட. 2007இல் பிரியதர்ஷன் இந்திக்குக் கொண்டுபோனபோது அவள் வங்காளி ஆகிவிட்டாள். கதை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பக்கத்து வீட்டு மொழிதான் பேய். நமக்குக் கொஞ்சம் புரிந்து மிச்சம் புரியாத மொழி. சீனத்திலோ ரஷ்ய மொழியிலோ பேசினால் பயம் வராது, என்னவோ உளறுகிறாள் என்று இருந்துவிடுவோம்.

இது புத்தகத்தில் படித்தது இல்லை. தோட்டத்தில் பார்த்தது. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயது இருக்கும். எதிர் லயத்தில் ஒரு அத்தை, பால் வெட்டப் போகிறவர், கடையில் மலாயில் நாலு வார்த்தை பேசவே தடுமாறுவார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தொங்கப் போட்டு, ஆம்பளைக் குரலில், சுத்தமான பழைய மலாயில் பேச ஆரம்பித்தார். வெற்றிலை கேட்டார். ரோக்கோ டாவுன், அதாவது இலையில் சுருட்டிய சிகரெட், கேட்டார். பெரியவர்கள் "டத்தோ வந்திருக்கார்" என்று, மலாய்க் காவல் தெய்வத்தைச் சொல்லி, கிசுகிசுத்தார்கள். என் பாட்டி மட்டும் கிட்டப் போய், குனிந்து, "யா டத்தோ, யா டத்தோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாட்டி சேலையைப் பிடித்த பிடியில் கொசுவம் அவிழ்ந்துபோனது. அதே தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு மாரியம்மன் வந்து தமிழில் குறி சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் பயந்ததில்லை. அவள் நம்ம வீட்டு ஆள்.

அந்தச் சாயங்காலத்தை உடம்பில் வைத்திருக்கிறவள் 'சந்திரமுகி' பார்த்தால் பயப்படுவாளா, 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தால் பயப்படுவாளா? நீங்களே சொல்லுங்கள்.

"ஷோபனாவையும் ஜோதிகாவையும் ஒப்பிடலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒப்பிடவில்லை. ஷோபனா முறையாக நாட்டியம் படித்தவர், அது காலிலேயே தெரிகிறது. ஒத்துக்கொண்டேன், போதுமா.

"சந்திரமுகி 2 வரைக்கும் வந்து நிற்கிறது, அதற்கும் நீங்கள்தான் காரணம்" என்று இன்னொருவர். 2023இல் வந்த படத்துக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டு செக் பண்ணுகிற நான் காரணமாம். தயாரித்த லைக்கா கம்பெனி என்னைக் கேட்டா எடுத்தது?

"நாலு பேர் நம்புவார்கள், பொறுப்பாக எழுத வேண்டாமா?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. பதில் சொல்ல யோசித்தேன். என் பதிவுக்கு விழுவது நாற்பது, ஐம்பது லைக். அதில் பாதி சொந்தக்காரர்கள். என்னை நம்பித் தியேட்டருக்குப் போய்ப் பணம் போச்சு என்று இதுவரை யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. நான் விமர்சகர் என்று எங்கே போர்டு மாட்டியிருக்கிறேன்? பார்த்தேன், இப்படி இருந்தது, அவ்வளவுதான். சாப்பாட்டுக் கடையில் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்வதற்குச் சமையல் பரீட்சை எழுதிவிட்டா வருகிறோம்?

இன்னொன்று. ஒரிஜினலை முதலில் பார்த்தவளாகவும் நான் இருந்திருக்கிறேன். தாய்லாந்து இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். 2004இல் அவர்களுடைய பேய்ப் படம் 'ஷட்டர்' வந்தது. அடுத்த வருஷமே பசார் மாலாமில் (ராத்திரிச் சந்தையில்) விசிடி வாங்கி, மலாய் சப்டைட்டிலோடு, விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். அதற்கப்புறம் ஒரு வாரம் கழுத்து வலித்தால் திரும்பிப் பார்க்கவே பயம். (படம் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஏன் கழுத்து என்று.) 2007இல் அதே கதை தமிழில் 'சிவி' என்று வந்தது. எனக்கு முடிவு தெரியும், கதை முழுக்கத் தெரியும், கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தேன். லைனில் என் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அலறிப் போய் வந்து கதை சொன்னார்கள். பாத்ரூமுக்குத் துணை கேட்டார்கள். நான், "ஐயே, இது சியாம் படத்தைக் காப்பி அடிச்சது, ஒரிஜினல் பார்க்காத ஜென்மங்களா" என்றா சொன்னேன்? துணைக்குப் போனேன். அவர்களுக்கு அது புதுசு. அவர்களுக்கு அதுதான் ஒரிஜினல். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் சீன லைன் லீடர் ஒருத்தி. அவளுக்கு 2019இல் வந்த 'ஷீப் வித்தவுட் எ ஷெப்பர்ட்' என்றால் உயிர். தாய்லாந்தில் நடக்கிற மாதிரி கதை, ஜோன் சென் போலீஸ் அதிகாரி. எடுத்தது நம்ம பினாங்குப் பிள்ளை சாம் குவா என்று அவளுக்கு ஒரே பெருமை. அது கேரளாவில் ஜீத்து ஜோசப் 2013இல் எடுத்த 'த்ரிஷ்யம்' என்று நான் சொன்னபோது நம்பவே இல்லை. அதன் தமிழ் ரீமேக் 'பாபநாசம்' போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, சீனப் படத்தில் அப்பா கடைசியில் தானே போய்ச் சரணடைகிறார், அதுதான் சரி, உங்கள் ஆள் தப்பித்துவிடுகிறாரே என்றாள். எனக்குக் கமல் தப்பித்ததுதான் பிடிக்கும். ஒரு தே தாரிக் டீ முடிகிற வரைக்கும் சண்டை போட்டோம். சண்டை என்றால் அது. யாரும் யாரையும் ஆண்டி என்று சொல்லவில்லை, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவில்லை.

அந்தக் குரூப்பில் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் கருத்துச் சொல்லியிருக்கிறார், "மலேசியாவில் எதை அனுப்பினாலும் பார்ப்பார்கள்" என்று. நம்ம ஊர்த் தம்பி அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார். இதுதான் எனக்கு உறைத்தது, ஆண்டி என்றது இல்லை. ஐயா, 1957இல் இந்த மண்ணின் பெண் பேயான பொந்தியானாக்கைத் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். மலாய்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அலறினார்கள். பேய் விஷயத்தில் எங்களுக்கு யாரும் மிச்சம் மீதி அனுப்ப வேண்டியதில்லை. மூன்று மொழிப் பேய்களோடு வளர்ந்திருக்கிறோம்.

ஃபேக்டரி ஆண்டி என்பதில் எந்த வார்த்தை கெட்ட வார்த்தை என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஃபேக்டரியா? அந்தச் சம்பளத்தில்தான் மகன் படித்தான். ஆண்டியா? ஐம்பத்தோரு வயது, வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு சிரிப்பு முகத்தை வைத்தால் அது வேறு மாதிரி கேட்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்குப் படம் பார்த்து அபிப்பிராயம் வரக் கூடாதா? வந்தால் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்?

கோலாலம்பூரிலிருந்து மகன் போன் செய்தான். "விடுங்கம்மா, அது சும்மா மீம் மாதிரி" என்றான். விட்டுவிட்டேன் என்றுதான் சொன்னேன். அப்புறம், "நீ சந்திரமுகி பார்த்தது ஞாபகம் இருக்கா" என்று கேட்டேன். ஒன்றரை வயதில் என்ன ஞாபகம் என்றான். அந்தத் துண்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. மஞ்சள், ஓரத்தில் வாத்துப் படம். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். "அப்ப நீங்க பயந்தது படத்துக்கா, அப்பா பயந்ததைப் பார்த்தா" என்று கேட்டான் பையன். கெட்டிக்காரன். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரிஜினல் பார்த்து ஒப்பிட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா?

சரி, பஸ் வருகிற நேரம். இந்த வார லீவில் 'யார் நீ' பார்க்கப் போகிறேன், 1966இல் வந்தது, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும். அதுவும் ரீமேக்தான், 1964இல் வந்த 'வோ கோன் தீ' என்ற இந்திப் படத்திலிருந்து. இந்தியை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் எழுதுவேன். ஆறு வரிதான் இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சௌகரியமாக.