பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்துக் குண்டு வாங்காதீர்கள்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கான பருவம் தொடங்குகிறது. 1974 முதல் நடந்துவரும் மான் வேட்டைப் பருவம் இது. இதற்காக முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் குண்டு அதிக வேகத்தில் போகும்?" என்பதுதான். எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறோம், அந்தத் தூரத்தில் குண்டு மானின் உடலுக்குள் என்ன செய்யும் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே உரிமம் பெற்று, குறித்த நாட்களில், குறித்த எண்ணிக்கைக்குள் வேட்டையாடலாம். வெண்வால் மான்கள் பெருகி, காட்டில் புதிதாக முளைக்கும் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கும் மாநிலம் இது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஓர் உயிரை அரைகுறையாகக் காயப்படுத்தி ஓடவிடலாகாது. என் கோபம் முழுவதும் அந்த இடத்தில்தான்.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் போலவே இதிலும் குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ஒரே வெடிதான். சுட்டதும் எழும் வெண்புகையில் மான் எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதுகூடச் சில நேரம் தெரியாது. நுரையீரலில் அடிபட்ட மானும் நூறு கெஜம் ஓடக்கூடும். எனவே குண்டு மறுபக்கம் வெளியேறுவது எனக்கு மிக முக்கியம். இரண்டு துளைகள் இருந்தால் தரையில் இரத்தத் தடம் கிடைக்கும். தடம் கிடைத்தால் மான் கிடைக்கும்.

இந்த வேலைக்கு, 50 கெஜத்துக்குள், கலப்பில்லாத மென்மையான ஈய உருண்டையை விஞ்சியதை நான் கண்டதில்லை. அரை அங்குலக் குழலுக்கான உருண்டை 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம் எடை. அது உள்ளே நுழையும்போதே கிட்டத்தட்ட அரை அங்குல அகலம். இன்றைய ரைபிள் தோட்டா உடலுக்குள் போய் விரிந்து பெறவேண்டிய அகலத்தில் பெரும்பகுதி இதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. குறையும் உண்டு. உருண்டை காற்றைக் கிழிக்கத் தெரியாதது. வினாடிக்கு 1,900 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய பாதி வேகத்தை இழந்துவிடும். 50 கெஜம் என்ற என் எல்லை அதனால்தான்.

1985இல் மிசௌரியில் டோனி நைட் உருவாக்கிய எம்.கே.-85க்குப் பிறகு, மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் இன்லைன் எனப்படும் நவீன வகைத் துப்பாக்கிகள் பரவின. இங்கே அவற்றை அக்டோபர் பருவத்தில் பயன்படுத்தலாம். இவற்றில் பெரும்பாலும் சாபோ எனப்படும் பிளாஸ்டிக் உறைக்குள் கைத்துப்பாக்கித் தோட்டா அளவிலான குண்டை வைத்துச் சுடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைத்துப்பாக்கியின் வேகத்துக்கென வடிவமைத்த குழிமுனைக் குண்டை இரு மடங்கு வேகத்தில் கிட்டத்திலிருந்து தோள் எலும்பில் அடித்தால், அது ஆழம் போகாமல் சிதறக்கூடும். மறுபுறம், கெட்டியான குண்டு தூரத்தில் வேகம் குறைந்தபின் விரியாமலே ஊடுருவிப் போய்விடும். 200 கெஜம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. கொலராடோவில் குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான பருவத்தில் சாபோவுக்கும் தொலைநோக்கிக்கும் தடை. அங்கே குழலின் அளவுக்கே வார்த்த கூம்புக் குண்டுகளால் எல்க் என்ற பெரிய மானையே வீழ்த்துகிறார்கள்.

குண்டைச் சுழலவைக்க உங்கள் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது உருண்டைக்கான குழல். நீளமான குண்டு அதில் தள்ளாடும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சாபோவுக்கும் நீளக் குண்டுக்கும் உரியது. 48 இரண்டுக்கும் நடுவே வைத்த சமரசம்.

பிறகு சுட்டுப் பாருங்கள். இலக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், துப்பாக்கிக்கு முன்னே சில கெஜத்தில் விழுந்து கிடக்கும் துணித்துண்டைத் தேடி எடுங்கள். உருண்டையைச் சுற்றிக் கெட்டித்த அந்தப் பருத்தித் துணி நடுவில் கரி படிந்து, ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம், அல்லது எண்ணெய்ப்பசை போதவில்லை. புரியின் கோடுகளில் வெட்டுப்பட்டிருந்தால் குழலின் வாய் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. எந்தக் கடைக்காரரும் இவ்வளவு உண்மையாக உங்களிடம் பேசமாட்டார். குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கம்பியில் போட்ட குறியை வைத்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் குழலே வெடிக்கலாம்.

ஈயத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் நஞ்சைப் பேசாமல் விடமுடியாது. 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து, ஏறத்தாழ பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருப்பதைக் காட்டியது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலிலும் கழிவிலும் உள்ள ஈயத் துகள்களைத் தின்பது அதற்கு முக்கியக் காரணம். கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முழுவதும் தடைசெய்துவிட்டது. இன்லைன் வைத்திருப்பவர்களுக்குச் செம்புக் குண்டுகள் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் சிதறாமல் இதழ் இதழாக விரியும். அவர்கள் அதையே வாங்க வேண்டும் என்பேன். ஈய உருண்டை மெதுவாகப் போவதால் துகள்கள் குறைவுதான் என்றாலும், அதைச் சுடுகிற நாம் குடலைத் திறந்தவெளியில் போட்டுவிட்டு வரக்கூடாது. ஒரு சிறு மண்வெட்டியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த நிலத்தில் தோண்ட முடியாவிட்டால் கனத்த பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.