காத்து எங்கருந்து இழுக்குதுன்னு முதல்ல பாருங்க
டைவிங் டேங்க், அதான் தண்ணிக்கடியில மூச்சு விட முதுகுல கட்டிட்டு போற காத்து சிலிண்டர், அது வெடிக்கிறத பத்தி உங்க பதிவுல நல்லா எழுதியிருக்கீங்க சார், ஆனா உள்ள அடைக்கிற காத்த பத்தியும் ரெண்டு வரி சேருங்க. நான் முட்டம் பக்கம் டைவ் பண்றவன், போன வருஷம் ஒரு இடத்துல நிரப்பிட்டு இறங்கினேன், பத்து நிமிஷத்துல மண்டை பிளக்குற வலி, குமட்டல், கரையேறி அங்க போய் பாத்தா கம்ப்ரசர் காத்து இழுக்குற ஹோஸ் டீசல் இன்ஜின் புகைக்குழாய்க்கு ஒரு கை தூரத்துல தொங்குது, எங்க ஊருலயோ காத்து ஒரே பக்கமா வீசாது, புகை அப்படியே டேங்குக்குள்ள போயிரும். அந்த புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, ஆழம் போகப்போக இன்னும் மோசம். ஹோஸ காத்து வர்ற பக்கமா உயரத்துல கட்டணும், ஃபில்டர ஓடுன மணிக்கணக்கு எழுதிவச்சு மாத்தணும். அவசரமா ஏத்தினா டேங்க் சுடும், 200 பார் அழுத்தம் காட்டுனது ஆறினதும் இறங்கிரும், மெதுவா ஏத்துங்க மக்களே. வாங்கும்போது வால்வ லேசா திறந்து மோந்து பாருங்க, எண்ணெய் வாடை அடிச்சா அந்த டேங்க் வேண்டாம்.