கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோமா?

அட்லாண்டிக்கில் ஒரு ஹரிகேன் கிளம்பினால் போதும், மயாமியில் உள்ள அமெரிக்க தேசிய ஹரிகேன் மையத்தின் வெள்ளைக் கூம்புப் படம் எல்லோர் சுவரிலும் ஏறிவிடும். கீழேயே "நம்ம ஏரியா வெளியே இருக்கு, தப்பிச்சோம்" என்று கமென்ட். என்னைக் கேட்டால், இந்த அளவுக்குத் தப்பாகப் படிக்கப்படும் வானிலைப் படம் வேறு இல்லை.

கூம்பு சொல்வது புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டும்தான். அதன் அகலமும் இந்தப் புயலை வைத்துப் போட்டதல்ல. கடந்த 5 ஆண்டுக் கணிப்புகள் எவ்வளவு தூரம் பிசகின என்று பார்த்து, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி அடுத்த 12, 24, 36 மணி நேரம் என்று 120 மணி நேரம் வரை வட்டங்கள் போட்டு இணைக்கிறார்கள். மிச்சம் ஒரு பங்கில் மையமே வெளியே போய்விடும். காற்றும் மழையும் கூம்புக்குள் அடங்கும் என்று அந்தப் படம் எங்கேயும் சொல்லவில்லை.

2004இல் ஃபுளோரிடாவுக்கு சார்லி ஹரிகேன் வந்தபோது பலரும் கூம்பின் நடுக்கோட்டையே பிடித்துக்கொண்டு டாம்பா நகரைப் பார்த்தார்கள். புயல் முன்னதாகவே வலப்பக்கம் திரும்பி, தெற்கே உள்ள புன்டா கோர்டா ஊரை அடித்தது. அங்கே வார்னிங் (எச்சரிக்கை) ஏற்கெனவே அமலில் இருந்தது! 2022இல் இயன் ஹரிகேன் கரை தொட்டதும் சார்லி தொட்ட அதே காயோ கோஸ்டா தீவில்தான். ஆனால் இயன் உருவத்தில் பெரிது, அந்தக் கடற்பகுதியோ வெகுதூரம் ஆழமில்லாதது. தள்ளப்பட்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் 10 முதல் 15 அடி வரை ஏறியது.

ஆகவே படத்தை விட்டுவிட்டு அந்த மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். கிழக்குக் கரை நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். வாட்ச் (புயல் வரக்கூடும்) என்றால் சுமார் 48 மணி நேரம் முன்பு, வார்னிங் (வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்) என்றால் 36 மணி நேரம் முன்பு. இந்தக் கணக்கு புயல் கரையைத் தொடும் நேரத்துக்கு அல்ல, மணிக்கு 63 கி.மீ. காற்று வந்து சேரும் நேரத்துக்கு. அந்தக் காற்றில் ஏணியில் நின்று ஜன்னலுக்குப் பலகை அடிக்க முடியாது.

ஹரிகேனுக்கு 1 முதல் 5 வரை கொடுக்கும் கேட்டகரி எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கும். கடல் உள்ளே வருவதற்கு 2017 முதல் தனி எச்சரிக்கை உண்டு. உயிரை அதிகம் எடுப்பது தண்ணீர்தான் என்பதால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பாதைக் கணிப்பு நன்றாகத் தேறிவிட்டது, காற்றின் வேகக் கணிப்பு இன்னும் காலை வாரும். ஆய்வு விமானம் சுமார் 10,000 அடியில் புயலின் கண்ணைக் குறுக்கே வெட்டிப் பறந்து, பாராசூட் கட்டிய கருவிகளைப் போட்டு அழுத்தமும் காற்றும் அளந்தாலும்கூட அப்படித்தான். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து கேட்டகரி 5 ஆகி மெக்சிகோவின் அகாபுல்கோவில் இறங்கியது. கணிக்கும் கணினி மாடல்கள் கோட்டை விட்டன. அதனால் கேட்டகரி 2 என்று அறிவித்தால் 3க்குத் தயாராகுங்கள். உங்கள் வீடு வெளியேற்ற மண்டலம் A-இல் (முதலில் காலி செய்யச் சொல்லும் பகுதி) இருந்தால், கேட்டகரி என்னவாக இருந்தாலும் உத்தரவு வந்ததும் கிளம்பிவிடுங்கள்.