சீமைக்கருவேலம் நிழல்ல நின்னா மாடு மலடாயிருமா?

ராமநாதபுரம் குரூப்புகள்ல மறுபடி சுத்துது: "சீமைக்கருவேலம் ஆக்சிஜனே விடாது, நிழல்ல கட்டுன மாடு மலடாயிரும்"னு. பொய். பச்ச இலை உள்ள எந்த மரமும் பகல்ல ஆக்சிஜன் விடும், மலட்டுக் கதைக்கு ஆதாரமே இல்ல.

அதுக்காக நல்ல மரம்னு சொல்லல, வேர் ஆழமா போய் நிலத்தடி தண்ணிய இழுக்கும், கண்மாய், வரத்துக்கால்னு எல்லாத்தையும் அடைக்கும், மகரந்தம் சில பேருக்கு அலர்ஜி கெளப்பும், 2017ல ஐகோர்ட் மதுரை கிளையே அகற்றச் சொல்லுச்சு. கண்மாய்க்குள்ள எடுத்தே ஆகணும். ஆனா கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் தெருவுல இருக்க ஒரே நிழலையும் ஜேசிபி விட்டு வழிச்சா வயசானவங்க, கருவாடு காயப்போடுற பொம்பளைங்க எங்க ஒதுங்குவாங்க? உப்புக்காத்து தாங்குற பூவரசு, புங்கை வச்சு அது தலையெடுத்தப்புறம் இத வேரோட புடுங்குங்க (சும்மா வெட்டுனா திரும்பத் துளிர்த்துரும்).